பிரெஞ்சு வளைவும் தேக்கும் பிரம்பும்

பிரெஞ்சு நாட்டுப்புறப் பாணி மரச்சாமான்கள் பதினைந்தாம் லூயி ஆண்ட காலத்தில் (1715–1774) வேர்விட்டவை. பாரிஸில் முலாம் பூசி, அரிய மரத்தகடு ஒட்டிச் செய்தவற்றின் வளைவை மட்டும் ஊர்த் தச்சர்கள் எடுத்துக்கொண்டார்கள்; பகட்டை விட்டுவிட்டார்கள். மரம் அந்தந்த ஊரில் கிடைத்தது: நார்மண்டியில் ஓக், தெற்கே புரொவான்ஸில் அக்ரூட். கால்கள் மேலே புடைத்து, பாதத்தருகே உள்வாங்கி வளையும். மேசையின் கீழ்விளிம்பு அலை அலையாக ஓடும். நார்மண்டியில் மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த அலமாரியில் புறாக்களும் கோதுமைக் கதிர்களும் செதுக்கியிருக்கும். புரொவான்ஸில் ரொட்டிக்கென்றே கடைசல் கம்பிகள் வைத்த சிறு கூண்டுப் பெட்டி ஒன்று சுவரில் தொங்கும். கிராமத்து நாற்காலிகளின் இருக்கை வைக்கோலிலோ கோரையிலோ முறுக்கிப் பின்னியது.

இந்த வளைவுகள் தமிழ்க் கரைக்கும் வந்தன. பிரெஞ்சுக்காரர்கள் 1674இல் புதுச்சேரியில் காலூன்றினர். அச்சரப்பாக்கத்துக்குத் தென்கிழக்கே, கடப்பாக்கம் கடலோரத்தில் உள்ள ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் கைக்கு வந்தது. பத்தே ஆண்டுகளில் ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். 1761இல் புதுச்சேரியையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765இல் நகரம் திரும்பக் கிடைத்த பிறகுதான் வீடுகள் மறுபடி எழுந்தன. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் துய்ப்ளே படுத்ததாகச் சொல்லப்படும் கட்டில் ஒன்று இருக்கிறது.

பிரெஞ்சுக் கிராமத்துத் தச்சர் செய்ததையே இங்குள்ள ஆசாரிகளும் செய்தார்கள்: வடிவத்தை வாங்கி, கைக்குப் பழகிய மரத்தில் இழைத்தார்கள். ஓக்குக்குப் பதில் தேக்கும் ஈட்டியும். பஞ்சு மெத்தை தைத்த இருக்கை கடற்கரைப் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும், பூச்சி அரிக்கும். பிரம்புப் பின்னலில் காற்று புகும். பிரம்பு கிழக்கிலிருந்து கப்பலேறி 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய நாற்காலிகளில் இடம்பிடித்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நல்ல வேலைப்பாட்டைப் பின்னலிலேயே கண்டுகொள்ளலாம். சட்டத்தைச் சுற்றிலும் வரிசையாகத் துளையிட்டு, நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவாட்டத்திலும் இழைகளை ஒவ்வொன்றாகக் கோத்து இழுத்திருப்பார்கள். தொய்ந்தால், அடிப்பக்கம் ஈரத்துணி போட்டு ஊறவைத்து நிழலில் உலர்த்த, பின்னல் மறுபடி விறைக்கும். புதிய மலிவுச் சரக்கில் துளைகளே இருக்காது. ஆலையில் நெய்த பிரம்புத் தாளைச் சட்டத்தின் பள்ளத்தில் பசை போட்டு அழுத்தியிருப்பார்கள். பழையவற்றின் மூட்டுகளில் பெரும்பாலும் இரும்பாணிக்குப் பதில் கழுந்தும் துளையும் சேர்ந்து, குறுக்கே மர ஆணி இறங்கியிருக்கும். கையால் சீவிய அந்த ஆணியின் தலை சரியான வட்டமாக இருப்பதில்லை. வாங்குபவர்கள் மெருகைப் பார்க்குமுன் நாற்காலியைக் கவிழ்த்து இவற்றைப் பார்ப்பது நல்லது.