சூரியகாந்தி ஊருக்கு பிளான் போடப்போவது யார்? தெருவுக்கு பத்து சிவில் என்ஜினீயர்... கண்டுகொள்ள ஆளில்லாத நகரத் திட்டப் படிப்பு!

தென்காசி:

ஆடி பிறந்தால் போதும், சுந்தரபாண்டியபுரம் ரோட்டில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். பாதிக்கு மேல் கேரள நம்பர் பிளேட். குற்றாலத்தில் ஒரு குளியல், பார்டரில் ஒரு புரோட்டா, அப்புறம் நேரா நம்ம ஊர் சூரியகாந்தி தோட்டத்தில் ஒரு போட்டோ. இதை முடிக்காமல் அவங்க ஊர் திரும்புவதில்லை. 1992-ல் வந்த 'ரோஜா' படத்தில் கதாநாயகியின் ஊரே சுந்தரபாண்டியபுரம்தான். அதிலிருந்து சினிமாக்காரர்களுக்கும் இந்தப் பக்கம் ஒரு கண்.

மஞ்சள் பூவை எல்லோரும் பார்க்கிறாங்க. ஆனால் தென்காசி சுற்றுவட்டாரத்தில் ரோட்டோரம் மஞ்சள் பெயிண்ட் அடித்து நட்டிருக்கிற மனைக்கல்லை எத்தனை பேர் பார்க்கிறாங்க? 2019 நவம்பர் 22-ந்தேதி தென்காசி தனி மாவட்டம் ஆனது. அன்றிலிருந்து நிலத்துக்கு வந்த மவுசு கொஞ்சநஞ்சம் இல்லை. கலெக்டர் ஆபீஸ் வருது, நாலு வழிச்சாலை வருது என்று சொல்லிச் சொல்லியே சென்ட் கணக்கில் வியாபாரம் சூடு பிடித்தது.

எந்த வயல் வயலாக இருக்கணும், எந்தப் பக்கம் வீடு வரணும், ரோடு எத்தனை அடி, மழைத்தண்ணி எந்த வழியா குளத்துக்குப் போகணும், வெளியூர் கார் எங்கே நிற்கணும். இதையெல்லாம் முடிவு பண்ணுவதற்கு என்றே ஒரு மேற்படிப்பு இருக்கிறது. நகரத் திட்டப் படிப்பு. 'எம்.பிளான்' என்பார்கள். நம்ம பக்கம் இந்தப் பெயரைச் சொன்னால், அது ஏதோ செல்போன் கம்பெனி பிளான் போல என்று கேட்கிற ஆட்கள்தான் அதிகம்.

இரண்டு வருஷப் படிப்பு

பி.இ. சிவில் முடித்த பையன்கள் தெருவுக்கு பத்து பேர் இருக்கிறாங்க. சைட் சூப்பர்வைசர் வேலைக்கு திருப்பூர், சென்னை என்று பஸ் ஏறுகிறாங்க. சிலர் சவுதிக்கு விசா எடுக்கிறாங்க. ஆனால் அதே பி.இ. சிவிலை வைத்துக்கொண்டு இந்த மேற்படிப்பில் சேரலாம் என்பது பாதி பேருக்குத் தெரியாது. கட்டிடக்கலை படித்தவர்களும் சேரலாம். சில கல்லூரிகளில் புவியியல், பொருளாதாரம், சமூகவியல் எம்.ஏ. முடித்தவர்களுக்கும் இடம் உண்டு.

இன்னொன்று நகர வடிவமைப்பு. அது பெரும்பாலும் கட்டிடக்கலை படித்தவர்களுக்கான எம்.ஆர்க். படிப்பு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நம்ம பாஷையில் சொன்னால், குற்றாலத்துக்கு பஸ் ஸ்டாண்டு எந்த இடத்தில் வேணும், எத்தனை பஸ் நிற்கணும், சாக்கடை எங்கே போகணும் என்று கணக்குப் போடுவது திட்டப் படிப்பு. பஸ்ஸில் இருந்து இறங்கிய பாட்டி மெயினருவிக்கு நடந்து போகிற வழியில் நிழல் இருக்கா, கடைகள் வழியை அடைக்காமல் இருக்கா, பொம்பளைங்க உடை மாற்ற இடம் இருக்கா என்று பார்ப்பது வடிவமைப்பு. ரெண்டும் சேர்ந்தால்தான் ஊர்.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.பிளான் இருக்கிறது. முன்பு டான்செட் தேர்வு வைத்தார்கள். 2023 முதல் 'சீட்டா' என்ற நுழைவுத் தேர்வு. டெல்லியில் இதற்கென்றே தனிக் கல்லூரி. போபாலிலும் விஜயவாடாவிலும் 2008-ல் அதேபோல் தொடங்கினார்கள். கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.க்களிலும் கோழிக்கோடு என்.ஐ.டி.யிலும் படிக்கலாம். நமக்குப் பக்கம் என்றால் திருவனந்தபுரம் அரசு என்ஜினீயரிங் கல்லூரி. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு கணவாய் வழியா போனால் சென்னையை விடக் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் 'கேட்' மதிப்பெண்ணோடு சேர்கிற மாணவருக்கு மாதம் 12 ஆயிரத்து 400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஒரு ஆட்டோக்காரர் வீட்டுக்கு இது சின்ன விஷயமா?

அங்கே என்ன சொல்லித் தருகிறாங்க என்றால், ஒரு ஊரைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தெருத்தெருவா நடந்து, வீட்டை எண்ணி, கிணற்றைப் பார்த்து, ஆட்களிடம் பேசி, செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு வரைபடம் போடணும். இருபது வருஷம் கழித்து அந்த ஊரில் எத்தனை ஜனம் இருக்கும், எவ்வளவு தண்ணி வேணும் என்று கணக்குச் சொல்லணும். உட்கார்ந்து படிக்கிற படிப்பு இல்லை இது. செருப்பு தேய்கிற படிப்பு.

டிகிரி வாங்காத வாத்தியார்!

இந்தப் படிப்புக்கு முன்னோடி என்று உலகமே சொல்கிற ஒரு ஆள் நம்ம தமிழ்நாட்டில் தெருத்தெருவா நடந்திருக்கிறார் அண்ணாச்சி. பேட்ரிக் கெடஸ். ஸ்காட்லாந்துக்காரர். செடிகொடி ஆராய்ச்சிதான் அவருடைய துறை. பேராசிரியராக இருந்தாரே தவிர கடைசி வரைக்கும் ஒரு டிகிரி வாங்கவில்லை. (எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுபோன எனக்கு இந்தச் செய்தியில் ஒரு சந்தோஷம்.)

1914-ல் அவர் சென்னைக்கு வந்தார். நகரங்களைப் பற்றிய வரைபடம், படங்கள் எல்லாம் அடங்கிய அவருடைய பொருட்காட்சி தனிக் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பலை நடுக்கடலில் மூழ்கடித்தது யார் தெரியுமா? சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்! கெட்டிக்காரப் பையனை 'சரியான எம்டன்' என்று சொல்கிறோமே, அதே ஜெர்மன் கப்பல்தான். ஆயுள் முழுக்கச் சேர்த்தது தண்ணிக்குள் போனது. மனுஷன் அசரவில்லை. நண்பர்களிடம் கேட்டு வாங்கி மறுபடியும் சேர்த்து, 1915-ல் சென்னையிலேயே பொருட்காட்சியை நடத்திக் காட்டினார்.

அப்புறம் மதுரை, தஞ்சாவூர் என்று நடந்து பார்த்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அன்றைய அதிகாரிகளுக்கு ஒரே வழிதான் தெரியும். நெருக்கமான தெருவா, இடி. ரோட்டை நேராப் போடு. கெடஸ் வேறு வழி சொன்னார். இடிகிற நிலையில் இருக்கிற வீட்டை மட்டும் எடு, இடையில் கிடைக்கிற காலி இடத்தில் மரம் வை, கிணற்றடியைச் சரி பண்ணு, ஜனத்தை விரட்டாதே என்றார். கொசு வருது என்று குளத்தை மூடக் கிளம்பினபோதும் தடுத்தார். மீன் விடு, வாத்து விடு, கொசுவை அது பார்த்துக்கும் என்பது அவருடைய யோசனை.

நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. குளத்தை மூடுகிறவர்கள் இன்னும் ஓயவில்லை.

கையில் பத்திரம், கண்ணில் கண்ணீர்

படிப்பு, பிளான் எல்லாம் பெரிய இடத்துப் பேச்சு, நமக்கு என்ன என்று கேட்கலாம். 2016-ஐ ஞாபகப்படுத்திப் பாருங்க. செப்டம்பர் 9-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று தடை போட்டது. மறுநாளில் இருந்து பத்திர ஆபீஸ் வாசல்கள் காலி. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க இருந்தவர்கள், சீட்டுப் பணத்தில் நாலு சென்ட் வாங்கிப்போட்டவர்கள் எல்லாம் விழிபிதுங்கிப் போனார்கள். பிறகு 2017-ல் அரசு விதிமுறை கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்ற மனைகளைக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ள வழி செய்தது.

எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனார் அண்ணன் அப்படி மாட்டினவர். இருபது வருஷமா ஊருக்கெல்லாம் வீடு கட்டினவர். தன் வீட்டுக்கு பேங்க் லோன் கேட்டுப் போனபோது 'டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கா?' என்று ஒரே கேள்வி. இல்லை. விற்ற தரகர் போன் எடுக்கவில்லை. மனைக்கு வழி என்று காட்டின இடம் யாரோ ஒருவருடைய வரப்பு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. விவசாய நிலத்தை மனையாக்க முறைப்படி அனுமதி வாங்கணும், நஞ்சை என்றால் கலெக்டர் வரை போகணும். 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் பத்தில் ஒரு பங்கு பொது இடமாக விடணும். அந்தப் பத்தில் ஒரு பங்கில்தான் பிள்ளைகள் விளையாடுற பூங்கா வரணும். அதைப் போய்ப் பார்த்து, வரைபடத்தோடு ஒத்துப் பார்க்க ஆள் வேணுமே? அங்கேதான் இடிக்கிறது.

பாதி நாற்காலி காலி

மத்திய அரசின் நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் ஒரு அறிக்கை வெளியிட்டது. நாட்டில் உள்ள 7 ஆயிரத்து 933 நகர்ப்புற ஊர்களில் 65 சதவீதத்துக்கு மாஸ்டர் பிளானே கிடையாது. மாநிலங்களின் நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு 12 ஆயிரம் பேருக்கு மேல் தேவை. ஆனால் அனுமதித்த பணியிடமே 3 ஆயிரத்து 945. அதிலும் 42 சதவீதம் காலி. இதில் வேடிக்கை, பல மாநிலங்களில் இந்த வேலைக்கு இந்தப் படிப்பு கட்டாயம் என்ற விதியே இல்லையாம்! ஊசி போட கம்பவுண்டர் படிப்பு வேணும், ஊருக்கு பிளான் போட ஒன்றும் வேண்டாம்.

இருக்கிற ஆட்களும் சென்னை, பெங்களூரு என்று போய்விடுகிறார்கள். குறை சொல்ல முடியாது. சம்பளம் அங்கேதான். படிக்கிறபோது போடுகிற பிளானும் பெரிய ஊர்களுக்குத்தான். பேரூராட்சி என்றால் அவர்களுக்கே என்ன செய்வது என்று தெரியாது. சுந்தரபாண்டியபுரம் ஒரு பேரூராட்சி. முக்கால்வாசி வயல், மீதி வீடு. இது கிராமமா, டவுனா? பாடப்புத்தகத்தில் இதற்கு நேரான பதில் இல்லை.

குற்றாலம் இன்னும் சிக்கல். நிரந்தரமாகக் குடியிருக்கிற ஜனம் சில ஆயிரம்தான். சீசனில் வருவதோ லட்சக்கணக்கு. மக்கள்தொகை கணக்கைப் பார்த்து கழிப்பறை கட்டினால் சாரல் விழுந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே நாறிவிடும். மலையடிவாரத்தில் செயற்கை அருவி உண்டாக்கி, தண்ணியைத் திருப்பிக் காசு பார்த்த ரிசார்ட்டுகள் விவகாரம் 2022 நவம்பரில் மதுரை ஐகோர்ட்டு வரை போய், நடவடிக்கை எடுக்க உத்தரவு வந்தது. 2024 மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். நல்ல வெயில் காலம், விடுமுறைக் கூட்டம். மேலே மலையில் மழை பெய்தால் கீழே நிற்கிறவனுக்கு எத்தனை நிமிஷத்தில் தெரியணும், ஓடுவதற்கு எந்த வழி திறந்திருக்கணும். இதுவும் பிளான்தான். கட்டிடம் கட்டுவது மட்டும் பிளான் இல்லை.

2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். குளங்கள் உடைந்தன. தண்ணிக்கு பட்டா, பத்திரம் எதுவும் தெரியாது. தாத்தா காலத்து ஓடை எதுவோ அதைத் தேடித்தான் வந்தது.

இரண்டு மாதம்தான் டைம்

டி.என்.பி.எஸ்.சி. மூலம் நகர் ஊரமைப்புத் துறைக்கு உதவி இயக்குநர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்கு இந்தப் படிப்புக்காரர்கள் முயற்சி செய்யலாம். சென்னையில் சி.எம்.டி.ஏ. இருக்கிறது, தனியார் ஆலோசனைக் கம்பெனிகள் இருக்கின்றன. இஸ்திரி போடுகிறவர் பையன் வந்து கலெக்டர் ஆபீசில் மேப்பை விரித்து, 'சார், இந்த சர்வே நம்பர்ல ஓடை போகுது, எனக்குத் தெரியும், நான் அங்கே மீன் பிடிச்சிருக்கேன்' என்று சொன்னால் அந்த பிளான் வேற மாதிரி இருக்கும். டெல்லியில் இருந்து வருகிற கன்சல்டன்டுக்கு அந்த ஓடை ஒரு நீலக் கோடு. அதுவும் படத்தில் இருந்தால்!

இன்னொரு சங்கதி. மாஸ்டர் பிளான் தயாரானால் அரசு அதை அறிவித்து மக்களிடம் ஆட்சேபணை கேட்கணும். குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் கொடுக்கணும் என்பது சட்டம். அந்த இரண்டு மாதத்துக்குள் உங்க வயல் என்ன கலரில் இருக்கிறது, உங்க தெரு எத்தனை அடி, குளத்து வாய்க்கால் இருக்கா, காணாமல் போச்சா என்று போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கலாம். மேப் படிக்கத் தெரியவில்லை என்றால் பக்கத்து வீட்டு சிவில் பையனைக் கூட்டிக்கிட்டுப் போங்க. மனை வியாபாரிகள் முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டுப் போயிருப்பாங்க.