தஞ்சோங் ரம்புத்தான் என்னும் வசை

தஞ்சோங் ரம்புத்தான் பேராக் மாநிலத்துச் சிற்றூர். 1911ஆம் ஆண்டில் அங்கு மனநோய் மருத்துவமனை ஒன்று எழுந்தது. அதன் விளைவாக அவ்வூரின் பெயரே நம் நாவில் வசையாகிவிட்டது. கணக்கு வராத பிள்ளையையும் அங்கே அனுப்பச் சொல்கிறோம். காதலில் தோற்றவனையும் அனுப்பச் சொல்கிறோம். அம்மருத்துவமனைக்குப் பின்னாளில் மகிழ்ச்சி எனப் பொருள்படும் 'பஹாகியா' என்னும் பெயரைச் சூட்டினர். பெயர் மாறியும் நம் நாக்கு மாறவில்லை. இந்த மலிவான நகைச்சுவையை வகுப்பறையிலேயே உதிர்க்கும் தமிழாசிரியர் உளர் என்பதே என் குற்றச்சாட்டு.

ஆசிரியரின் வாயிலிருந்து அச்சொல்லைக் கேட்ட மாணவன், ஒரு திங்களாக உறக்கமின்றித் தவிப்பினும் வாய் திறப்பானா? நாமோ அதனைச் சோம்பல் என்போம். தேர்வுப் பயம் என்போம். வீட்டில் பூசாரியை அழைத்துக் கயிறு கட்டுவர். கயிற்றை நான் பழிக்கவில்லை. மனம் ஆறுமாயின் கட்டட்டும். கயிற்றோடு நின்றுவிடுவதைத்தான் பழிக்கிறேன்.

உளமருத்துவரின் அறைக்குள் அப்படி என்னதான் நடந்துவிடுகிறது? முதலில், தஞ்சோங் ரம்புத்தானுக்கே போகவேண்டும் என்பதில்லை. பெரிய அரசாங்க மருத்துவமனைகளிலும் உளநோய்ப் பிரிவு உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைக் கண்டு பரிந்துரைக் கடிதம் பெற்றுச் செல்லலாம். அங்கே இருப்பவை மேசை, நாற்காலி, ஒரு கோப்பு. உறக்கம், பசி, மது, குடும்பத்தில் முன்னர் எவர்க்கேனும் இந்நோய் இருந்ததா, பிறர்க்குக் கேளாத குரல் கேட்கிறதா, சாகவேண்டும் என்று தோன்றியதா எனக் கேட்பார். இறுதிக் கேள்வி பலரைத் திடுக்கிடச் செய்யும். கேட்பதனால் அவ்வெண்ணம் முளைப்பதில்லை. கேளாமல் விடுவதே கேடு. இன்று என்ன கிழமை என்றும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும் சொல்லலாம். அஃது ஏளனமன்று, நினைவையும் கவனத்தையும் அளக்கும் முறை. இரத்தமும் எடுப்பர், தைராய்டு சுரப்பி குன்றினாலும் மனச்சோர்வு போன்ற நிலை தோன்றும் அன்றோ? மனச்சோர்வுக்கு மருந்து தந்தால், அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். குமட்டல் முன்னே வரும், குணம் பின்னே வரும். இதனை அறியாதார் மூன்றாம் நாளே மாத்திரையைக் குப்பையில் எறிந்துவிட்டு மருத்துவத்தைத் தூற்றுகின்றனர்.

மெய்யான இடர் மொழியில் இருக்கிறது. தமிழ் மட்டுமே அறிந்த தாய், மலாய் பேசும் மருத்துவர் முன் என்ன சொல்வாள்? 'நெஞ்சடைக்கிறது, தலை கனக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது' என்பாள். பத்து வயது மகன் மொழிபெயர்ப்பான். தாயின் சாவெண்ணத்தை மகன் வாயால் சொல்லவைப்பது கொடுமை; மருத்துவமனையில் தமிழறிந்த தாதியைக் கேட்டுப் பெறுங்கள். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வினா. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை, உள்ளத்து நிகழ்வது உடலில் வெளிப்படும் எனப் பாடம் சொல்கிறீர்கள். அழுகையும் அச்சமும் எண்வகையுள் அடங்கும் என மனப்பாடம் செய்விக்கிறீர்கள். நூலில் காணும் அச்சத்தைக் கடைசி வரிசை மாணவனின் நடுங்கும் கையில் காண மாட்டீர்களா? மனச்சோர்வு, பதற்றம் என்னும் சொற்களை அவனுக்கு யார் தருவது?

'பெண்ணுக்கு வரன் அமையாது, பையனுக்கு வேலை கிட்டாது' என்பார் உளர். மருத்துவர் கோப்பை ஊரார்க்குப் படித்துக் காட்டுவதில்லை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளிலன்றிச் செய்தி வெளிச்செல்லாது. பரப்புவோர் பெரும்பாலும் நம் உறவினரே. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவை 2023ஆம் ஆண்டில் மலேசிய நாடாளுமன்றமே நீக்கியது. சட்டம் விடுவித்தவனை நம் ஆசிரியர் அறையில் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை அவ்வூர்ப் பெயரைச் சொல்லி எவரேனும் சிரித்தால், உடன் சிரியாதிருக்க நம்முள் எத்தனை பேர் துணிவோம்?