மரத்தில் கட்டிய கண்: வேட்டைக் கமராவும் பொதுக் காடும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2022 ஜனவரி 1 முதல், வேட்டைக்கு உதவியாக மரத்தில் கமரா கட்டி வைப்பது சட்டவிரோதம். துவக்கு வைத்திருக்கலாம். அனுமதிப்பத்திரம் எடுத்து மான் சுடலாம். ஆனால் அந்த மான் எந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு, எத்தனை மணிக்கு வந்து போகிறது என்பதைக் கமரா மூலம் அறிந்துகொண்டு சுடக்கூடாது. 2021 ஜூனில் அந்த மாநிலத்தின் வேட்டை மற்றும் மீன்வள ஆணைக்குழுவின் ஐந்து உறுப்பினர்களும் ஒருமனதாக எடுத்த முடிவு இது. துவக்கைக் கட்டுப்படுத்துவது என்றாலே கொதித்தெழும் ஒரு நாட்டில், அதுவும் துவக்குக்காரர்களின் வாக்கில் வாழும் ஒரு மாநிலத்தில், கமராவுக்கு ஏன் இந்தத் தடை?

கருவி மிகச் சாதாரணமானது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. மரத்தில் பட்டியால் இறுக்கிவிட்டால், முன்னால் உடற்சூடுள்ள ஏதாவது அசையும்போது உணரி விழித்துப் படம் எடுக்கும். இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும். சில பற்றறிகளோடு மாதக்கணக்கில் நிற்கும். மலிவானவை முப்பது, நாற்பது டொலருக்கே கிடைக்கின்றன. பழைய வகையில் ஆள் நேரே போய் நினைவக அட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். புதிய வகைக்குள் சிம் அட்டை இருக்கிறது. மான் தண்ணீரில் வாய் வைத்த அடுத்த நிமிடம் படம் கைத்தொலைபேசிக்கு வந்துவிடும், வேட்டைக்காரர் நூறு மைல் தள்ளி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாலும்.

அரிசோனா வரண்ட பூமி. கோடையில் விலங்குகளுக்குத் தண்ணீர் கிடைக்கும் இடங்கள் எண்ணக்கூடியவை. அவற்றில் பல, காட்டு விலங்குகளுக்கென்றே அரச திணைக்களமும் தொண்டர்களும் கட்டி வைத்த தொட்டிகள், அல்லது மாடு வளர்ப்போர் வெட்டிய குட்டைகள். எங்கே இருக்கின்றன என்பது வரைபடத்திலேயே உண்டு. வன்னியில் ஆடி, ஆவணியில் குளம் வற்றும்போது மிஞ்சும் மடுவைச் சுற்றி விலங்குகள் கூடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தண்ணீரைக் காவல் காத்தால் காட்டையே காவல் காத்த மாதிரி.

அப்படித்தான் நடந்தது. ஒரே தொட்டியைச் சுற்றிப் பத்து, இருபது கமராக்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொருவருடையது. அட்டையை மாற்ற ஒருவர் மாறி ஒருவர் வாகனத்தில் வந்து போக, தாகத்தோடு வந்த விலங்கு திரும்பி ஓடியது. மாட்டுக்காரர்கள் தங்கள் மாடுகளும் தண்ணீர் குடிக்க முடியாமல் வெருள்வதாக முறையிட்டார்கள். வேட்டைக்காரர்களுக்கிடையே கமராத் திருட்டு, உடைப்பு, “இது என்னுடைய தொட்டி” என்ற சண்டை. பொதுக் காணியில் ஒருவர் கட்டிய கமரா, கொஞ்ச நாளில் அந்த இடமே தனக்குரியது என்று சொல்லும் எல்லைக்கல்லாக மாறிவிடுகிறது. எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இதுதான். விலங்கைப் பார்க்கத்தான் கமரா வந்தது. ஆனால் அது முதலில் மாற்றியது மனிதருக்கும் பொது நிலத்துக்கும் இடையிலான உறவை.

அரிசோனா மட்டுமல்ல. நெவாடா மாநிலத்தின் நிலத்தில் ஏறத்தாழ 80 வீதம் மத்திய அரசுக்குரியது. அங்கே 2018 முதல், பொது நிலத்தில் ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து ஆண்டு முடிவுவரை இந்தக் கமராக்களுக்குத் தடை; படத்தை உடனுக்குடன் அனுப்பும் வகைக்கு ஜூலையிலிருந்தே தடை. யூட்டா மாநிலம் 2022இல் வேட்டைக் காலத்துக்குத் தடை போட்டதோடு நிற்காமல், கமராவில் பதிவான படங்களை வேட்டைக்காக விற்பதையும் வாங்குவதையும் தடுத்தது. நிலத்தின் மிகப் பெரும்பகுதி தனியார் கையில் உள்ள கன்சாஸில், 2023இல் அரச வனவிலங்குத் திணைக்களத்தின் பொது நிலங்களில் கமரா வைப்பது நிறுத்தப்பட்டது. அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று மனிதரின் அந்தரங்கம். காட்டுக்கு வருபவர் தன்னை யார் படம் எடுக்கிறார் என்று தெரியாமல் நடக்க வேண்டியிருக்கிறது என்பது.

படங்களை விற்பதா என்று வாசகர் கேட்கலாம். மேற்கு மாநிலங்களில் பெரிய கொம்புள்ள ஒரு மானைச் சுடும் விசேட அனுமதிப்பத்திரம் ஏலத்தில் லட்சக்கணக்கான டொலருக்குப் போகிறது. அவ்வளவு பணம் கட்டியவர் காட்டில் அலையத் தயாரில்லை. அவருக்காக வழிகாட்டி நிறுவனங்கள் கமராக்களை வரிசையாகக் கட்டி, குறித்த ஒரு மானை மாதக்கணக்கில் பின்தொடர்கின்றன. அது எங்கே நிற்கிறது என்ற தகவலுக்கே விலை உண்டு. வேட்டை நாளன்று அவர் செய்ய வேண்டியது விசையை இழுப்பது மட்டும்.

தடையை எதிர்த்தவர்கள் எல்லோரும் இந்தப் பணக்காரர்கள் அல்ல. ஆணைக்குழுவின் முன் வந்த எதிர்ப்புகளில் ஒன்று எனக்கு நியாயமாகவே படுகிறது. கிழமையில் ஆறு நாள் வேலைக்குப் போகும் ஒருவருக்கு வாரக்கணக்கில் காட்டில் தங்கி விலங்கின் தடம் பார்க்க நேரம் இல்லை. மலிவான ஒரு கமரா அவருக்குப் பதிலாகப் பார்த்து வைக்கிறது. நடக்க இயலாதவருக்கும் அப்படித்தான். கமராவைத் தடுத்தால் பணமுள்ளவர் ஆள் பிடித்து மலையில் நிறுத்துவார். தொழிலாளி வெறுங்கையோடு திரும்புவார் என்றார்கள். தடை போட்டவர்களிடம் இதற்குத் தெளிவான பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் சொன்ன பதில் “நேர்மையான வேட்டை” என்ற பழைய கோட்பாடு. விலங்குக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அன்ட் குரொக்கெட் கழகம் இதன் காவலன். உடனுக்குடன் படம் அனுப்பும் கமராவின் துணையோடு சுட்ட விலங்கை அந்தக் கழகம் தன் சாதனைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. நல்ல கோட்பாடுதான். ஆனால் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. வசதியானவரின் விளையாட்டை நேர்மை என்றும், வயிற்றுக்காகச் சுடுபவரின் வேட்டையைத் திருட்டு என்றும் பிரித்த வரலாறு அது. இலங்கையிலும் அதைப் பார்த்திருக்கிறோம். ஆங்கிலேயர் காலத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் பெயர் வேட்டை வீரர் என்று புத்தகங்களில் ஏறியது. கட்டுத்துவக்கோடு பிடிபடும் கிராமத்தவரின் பெயர் பொலிஸ் புத்தகத்தில் ஏறுகிறது. கட்டுத்துவக்கு மனிதரையும் யானையையும் ஊனமாக்கும் கொடிய பொருள், அதில் எனக்கு மறுபேச்சில்லை. யாரை எந்தப் பெயரில் அழைத்தோம் என்பதுதான் இங்கே விடயம்.

சட்டத்தை நடைமுறைப்படுத்துவதிலும் ஒரு சிக்கல். அரிசோனாவில் ஆய்வாளர் கமரா வைக்கலாம், மாட்டுக்காரர் வைக்கலாம், பறவை பார்க்க விரும்பும் எவரும் வைக்கலாம். வேட்டை நோக்கம் இருந்தால்தான் குற்றம். மரத்தில் தொங்கும் பெட்டி தன் நோக்கத்தைச் சொல்லாது. தன் பெயரை எழுதாமல் கட்டி வைத்தவரை எப்படிப் பிடிப்பது?

இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டால் இன்னொரு வழக்கு தெரிகிறது. டெனசி மாநிலத்தில் வனவிலங்கு அதிகாரிகளே, வேட்டைச் சட்டம் மீறப்படுகிறதா என்று பார்க்க, நீதிமன்ற ஆணை எதுவுமின்றித் தனியார் காணிகளுக்குள் நுழைந்தார்கள், கமராவும் கட்டினார்கள். மானைப் பார்க்கும் கமரா இப்போது மான் சுடுபவரைப் பார்த்தது. வீட்டையும் முற்றத்தையும் தாண்டிய வெளி நிலத்துக்கு அந்தரங்கப் பாதுகாப்பு இல்லை என்று 1924இலேயே அமெரிக்க உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது அவர்களுக்குத் துணை. காணிக்காரர் இருவர் வழக்குப் போட்டார்கள். 2024 மே மாதம் டெனசி மேன்முறையீட்டு நீதிமன்றம், மாநிலத்தின் சொந்த அரசியலமைப்பின்படி அதிகாரிகள் செய்தது தவறு என்று தீர்ப்பளித்தது. சொந்தக் காணிக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைத்தது. காணி உறுதி இல்லாதவர், பொதுக் காட்டில் விறகு பொறுக்குபவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

அதற்கான விடை இந்தியாவின் உத்தரகண்ட் மாநிலத்தில், கோர்பெட் புலிகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த த்ரிஷாந்த் சிம்லாய் 14 மாதங்கள் அங்கே தங்கி, சுமார் 270 பேரிடம் பேசி நடத்திய ஆய்வு 2024 நவம்பரில் வெளியானது. அங்குள்ள பெண்களுக்குக் காடு விறகும் புல்லும் தரும் இடம் மட்டுமல்ல. வீட்டில் மாமியார், கணவர், ஊர் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, காட்டில்தான் அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள், பாடினார்கள், மனம்விட்டுப் பேசினார்கள். அந்தப் பாட்டுக்கு ஒரு பயனும் உண்டு: சத்தம் கேட்டால் புலியும் யானையும் விலகிப்போகும்.

மரத்தில் கமரா வந்ததும் பாட்டு நின்றது. யாரோ பார்க்கிறார்கள், கேட்கிறார்கள் என்ற பயத்தில் குரல் தணிந்தது. கமரா இல்லாத, பழக்கமில்லாத பகுதிகளைத் தேடி இன்னும் உள்ளே போனார்கள். ஆய்வாளர் பேசிய பெண்களில் ஒருவர் பின்னர் புலி தாக்கி இறந்தார். 2017இல் காட்டில் மலங்கழிக்கப் போன ஒரு பெண்ணின் படம் கமராவில் பதிவாகி, தற்காலிக வன ஊழியர்களான இளைஞர்களின் கைகளுக்குப் போய், உள்ளூர் வட்ஸ்அப், முகநூல் குழுக்களில் சுற்றியது. ஊரவர் கண்ணில் பட்ட கமராக்களையெல்லாம் உடைத்துத் தீயிட்டார்கள். அந்தக் கமராக்கள் மாட்டப்பட்டது புலியைக் காப்பாற்றத்தான். இந்தியாவின் 2018ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கமரா வைத்து எடுத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். புலி இருந்த படங்கள் 76,651. மிச்சப் படங்களில் மற்ற விலங்குகளோடு மாடுகளும் மனிதர்களும் உண்டு.

மனிதர் பதிந்த படத்தை யார் பார்க்கிறார், எவ்வளவு காலம் வைத்திருக்கிறார், யாருக்குக் கொடுக்கிறார் என்பதற்கு அமெரிக்கத் தடைகளிலும் சரியான விடை இல்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட முடியாது. அரிசோனாவில் முடிவெடுக்கும் முன் பொதுமக்களின் கருத்துக் கேட்கப்பட்டது, கூட்டம் பகிரங்கமாக நடந்தது, எதிர்த்தவர்கள் முகத்துக்கு நேரே எதிர்த்தார்கள். கோர்பெட் ஊர்ப் பெண்கள் கமரா என்ன செய்யும் என்பதை அறிந்தது, தங்களில் ஒருத்தியின் படம் கைத்தொலைபேசிகளில் சுற்றிய பிறகு.

இலங்கையிலும் சிறுத்தை ஆய்வுக்காக வில்பத்து போன்ற காடுகளில் இத்தகைய கமராக்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆய்வுகள் தேவையானவை. சிறுத்தையின் புள்ளிகளைக் கொண்டு ஒவ்வொன்றாக எண்ண இதைவிட நல்ல வழி இல்லை. வேட்டைக்காகக் கமரா கட்டுவது பற்றி இங்கே சட்டம் தனியாகப் பேசத் தேவையுமில்லை, 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான வேட்டையையே தடுக்கிறது. ஆனால் வன்னியில் காடு எது, ஊர் எது என்பதே தீராத வழக்கு. இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் தங்கள் வயலிலும் தோட்டத்திலும் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைக் கண்டார்கள். விறகுக்கும் தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் மாடு சாய்க்கவும் போகிறவர்களில் துணையை இழந்து குடும்பம் நடத்தும் பெண்கள் ஏராளம். சீருடைக்காரர் பதிவெடுப்பதும் படமெடுப்பதும் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட காட்டில் மரத்தில் ஒரு பெட்டி தொங்கினால், அது சிறுத்தைக்கு என்று எழுதி ஒட்டினாலும் நம்புவது கடினம். நம்பாததற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

தொழில்நுட்பத்தில் தடையேதும் இல்லை. எடுத்த படங்களில் மனிதர் உள்ளவற்றை மட்டும் தானாகவே பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் உலகெங்கும் ஆய்வாளர்களின் பாவனையில் இருக்கின்றன. பிரித்த பிறகு அழிப்பதா, வைத்திருப்பதா என்பது மனிதர் எடுக்கும் முடிவு. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியும், நடைமுறைக்கு வருவது இழுபட்டே வந்திருக்கிறது. கையில் இருப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தங்கள் ஊரை ஒட்டிய காட்டில் கமரா வைக்கப்பட்டிருக்கிறதா, யாருடைய அனுமதியோடு, மனிதர் பதிந்த படங்கள் எங்கே போகின்றன, பொலிஸுக்கோ படையினருக்கோ கொடுக்கப்படுகின்றனவா என்று வனவளத் திணைக்களத்திடமும் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் எந்தப் பிரஜையும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்டதைத் தருவதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளித்த அதிகாரியிடமும், அதன் பிறகு ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.