நேப்பிள்ஸ் யார் பக்கம் நின்றது?

உலகக் கோப்பை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு மாதம். கிளப் ஆட்டங்கள் ஆண்டில் ஒன்பது, பத்து மாதம், வாரம் தவறாமல். ஐரோப்பாவில் ஒரு கால்பந்து ரசிகரின் வாழ்க்கை இந்த இரண்டாவது கணக்கில்தான் ஓடுகிறது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆட்டம் பார்க்கப் போனது, கையில் காசில்லாத மாதத்திலும் டிக்கெட்டுக்கு எடுத்து வைத்தது, அணி தோற்றுக் கீழ் லீகுக்கு இறங்கிய பிறகும் அதே படிக்கட்டில் போய் நின்றது எல்லாம் கிளப்புக்காக. தேசிய அணி எப்போதாவது வருகிறது, கொடியோடு வருகிறது, வந்ததும் முழு மனதையும் கேட்கிறது. அப்போது தயங்கி நிற்பவர்களைத் துரோகிகள் என்று ஏசுவது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. அந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அதற்குப் பதில் சொல்ல வேண்டியது ரசிகர் அல்ல, தேசம்தான் என்று இந்த இதழ் கருதுகிறது. 1990 ஜூலை 3ஆம் தேதி இரவு நேப்பிள்ஸ் நகரில் நடந்ததை நினைவுபடுத்தினால் நாம் சொல்வது விளங்கும்.

அன்று இத்தாலி உலகக் கோப்பையின் அரையிறுதி. இத்தாலியும் அர்ஜென்டினாவும் மோதின. அதுவரை இத்தாலி தன் ஐந்து ஆட்டங்களையும் தலைநகர் ரோமில் ஆடி, ஐந்திலும் வென்று, ஒரு கோல்கூட வாங்காமல் வந்திருந்தது. ஆறாவது ஆட்டம் நேப்பிள்ஸின் சான் பாவ்லோ மைதானத்தில். எதிரணியின் கேப்டன் தியேகோ மரடோனா. ஆறு ஆண்டுகளாக அதே மைதானத்தில், நாப்போலி கிளப்பின் சட்டையில் ஆடிக்கொண்டிருந்தவர். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அந்தக் கிளப் தன் இரண்டாவது லீக் பட்டத்தை அவர் தலைமையில் வென்றிருந்தது.

இந்த ஊரும் இந்த மனிதரும் எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்பது தெரியாமல் அந்த இரவைப் புரிந்துகொள்ள முடியாது. நேப்பிள்ஸ் ஒரு காலத்தில் தனி அரசின் தலைநகரம். 1861இல் ஒன்றுபட்ட இத்தாலிக்குள் வந்தது. தொழிற்சாலைகள் வடக்கே மிலானிலும் டூரினிலும் வளர்ந்தன. தெற்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் பிழைப்புத் தேடி அங்கே போனார்கள், ஃபியட் கார் ஆலையில் வேலை செய்தார்கள், அங்கே ஏளனப்பட்டார்கள். 1973இல் நேப்பிள்ஸில் காலரா பரவியது. 1980 நவம்பரில் அதன் சுற்றுவட்டாரத்தை நிலநடுக்கம் உலுக்கி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மறுகட்டுமானத்துக்கு வந்த பணத்தில் பெரும்பங்கை அரசியல்வாதிகளும் கமோரா கும்பல்களும் தின்றார்கள். இந்தத் துயரங்கள் எல்லாம் வடக்கத்திய மைதானங்களில் கோஷமாயின. நாப்போலி ஆட வரும்போது அவர்களைக் காலரா பிடித்தவர்கள் என்றும் நிலநடுக்கத்தில் அடிபட்டவர்கள் என்றும் கூவினார்கள். அழுக்கைக் கழுவிக்கொள்ளச் சொன்னார்கள். வெசுவியஸ் எரிமலை வெடித்து அந்த ஊரை நெருப்பால் கழுவ வேண்டும் என்று பாடினார்கள். நாம் இதை நாசூக்காகச் சொல்லிக் கடக்க விரும்பவில்லை. ஒரு நாட்டின் குடிமக்கள் அதே நாட்டின் இன்னொரு ஊரார் எரிந்து சாக வேண்டும் என்று வாராவாரம் பாடினார்கள், அந்த நாடு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

1984 ஜூலை 5ஆம் தேதி மரடோனா வந்து இறங்கினார். முந்தைய சீசனில் நாப்போலி ஒரே ஒரு புள்ளியில் கீழ் லீகுக்கு இறங்காமல் தப்பியிருந்த அணி. உலகின் விலையுயர்ந்த ஆட்டக்காரர் பார்சிலோனாவிலிருந்து அங்கே வருகிறார் என்பதை நம்பாமல், நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள எழுபதாயிரம் பேருக்கு மேல் சான் பாவ்லோவில் கூடினார்கள். அன்று ஆட்டம் எதுவும் இல்லை. பந்தைக் காலால் தட்டி வானத்துக்கு அனுப்பினார், நாலு வார்த்தை பேசினார், அவ்வளவுதான். அந்த செப்டம்பரில் அவருடைய முதல் லீக் ஆட்டம் வடக்கே வெரோனாவில். இத்தாலிக்கு வரவேற்கிறோம் என்று எழுதிய பதாகை அங்கே காத்திருந்தது. நீங்கள் இத்தாலியர்களே அல்ல என்பது அதன் பொருள். புவெனோஸ் ஐரிஸின் வில்லா ஃபியோரிட்டோ என்ற வறிய குடியிருப்பில் வளர்ந்தவருக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1987 மே மாதம் நாப்போலி வரலாற்றில் முதல்முறையாக லீக் பட்டம் வென்றது. இத்தாலியப் பெருநிலத்தின் தெற்கிலிருந்து ஒரு அணி அந்தப் பட்டத்தைத் தொட்டது அதுவே முதல் தடவை. 1989இல் யூஇஎஃப்ஏ கோப்பை. 1990இல் மறுபடியும் லீக். நூறாண்டு அவமானத்துக்கு மைதானத்தில் ஒரு பதில் கிடைத்தது. அதை ஆட்டம் மட்டும்தானே என்று சொல்பவர்கள் அந்த அவமானத்தைப் பட்டிராதவர்கள்.

அரையிறுதிக்கு முன்னால் மரடோனா நேப்பிள்ஸ் மக்களிடம் நேராகப் பேசினார். ஆண்டில் 364 நாளும் உங்களை அந்நியர்களாக நடத்துகிறவர்கள், இந்த ஒரு நாள் மட்டும் நீங்கள் இத்தாலியர்களாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்களே என்பது அவர் பேச்சின் சாரம். இத்தாலி கொதித்தது. விருந்தாளியாக வந்தவன் நாட்டைப் பிரிக்கிறான் என்றார்கள். அவர் சொன்னதில் சுயநலம் இருந்தது. மைதானத்தின் ஆதரவைக் கொஞ்சமாவது தன் அணியின் பக்கம் திருப்பிக்கொள்ள ஒரு கேப்டன் செய்த முயற்சி அது. ஆனால் சொன்னவருக்கு லாபம் இருக்கிறது என்பதால் சொன்னது பொய்யாகிவிடாது. அந்த 364 நாளைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க அன்று யாரிடமும் ஒரு வாதம் இருக்கவில்லை. கோபம்தான் இருந்தது.

சரி, நேப்பிள்ஸ் என்ன செய்தது? மைதானத்தில் இருந்த ஏறத்தாழ 60 ஆயிரம் பேரில் பெரும்பாலோர் இத்தாலியைத்தான் ஆதரித்தார்கள். அவர்களுக்கு அது வெறும் கடமையாகவும் இருக்கவில்லை. நாப்போலி கிளப்பின் ஆட்டக்காரர் தே நாப்போலி அன்று இத்தாலிக்காக நடுக்களத்தில் ஆடினார். நேப்பிள்ஸிலேயே பிறந்த சிரோ ஃபெராரா இத்தாலிக் குழுவில் இருந்தார். ஆக, அவர்களுடைய கிளப் இரண்டு பக்கமும் நின்றது. மரடோனாவை நேப்பிள்ஸ் நேசிக்கிறது, ஆனால் இத்தாலி எங்கள் தாய்நாடு என்ற பொருளில் ஒரு பதாகை தொங்கியது. அர்ஜென்டினாவின் தேசிய கீதம் ஒலித்தபோது கைதட்டினார்கள். இதன் அருமை தெரிய வேண்டுமானால் மற்ற ஊர்களைப் பார்க்க வேண்டும். தொடக்க ஆட்டத்தில் மிலான் மைதானம் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. டூரினும் அப்படியே. நேப்பிள்ஸ் மட்டும் எதிரணியின் கீதத்துக்கு மரியாதை செய்தது. இத்தனை இழிசொல் கேட்டு வளர்ந்த கூட்டம் அது என்பதை மறந்துவிட வேண்டாம். ஒரு ரசிகர் கூட்டம் இதைவிடக் கண்ணியமாக நடந்துகொண்ட இன்னொரு இரவை நாம் அறியோம்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 17ஆம் நிமிடத்தில் ஸ்கிலாச்சி இத்தாலிக்குக் கோல் அடித்தார். சால்வத்தோரே ஸ்கிலாச்சி சிசிலியின் பலெர்மோவில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஜுவென்டஸுக்கு ஆடப் போன தெற்கத்தியப் பையன் என்பதற்காக வடக்கில் அவரும் ஏச்சு வாங்கியவர்தான். அந்தக் கோடை முழுவதும் இத்தாலியைத் தூக்கிச் சுமந்தவர், தொடரிலேயே அதிகமாக ஆறு கோல் அடித்தவர் அவர். 67ஆம் நிமிடத்தில் அர்ஜென்டினாவின் கனீஜியா தலையால் முட்டிச் சமன் செய்தார். இத்தாலியின் கோல்கீப்பர் ஜெங்கா கோல் கம்பத்தை விட்டு முன்னால் வந்து பந்தைத் தவறவிட்டார். கோல் வாங்காமல் அவர் காத்துவந்த 517 நிமிடச் சாதனை அங்கே முடிந்தது. ஆட்டம் பெனால்டிக்குப் போனது. தொனதோனி அடித்ததை அர்ஜென்டினாவின் கோல்கீப்பர் கோய்கோச்செயா தடுத்தார். அடுத்து மரடோனா வந்து நிதானமாக அடித்தார். செரீனா அடித்ததையும் கோய்கோச்செயா தடுத்தார். தொனதோனி ஏசி மிலான் ஆட்டக்காரர், செரீனா இன்டர் மிலான். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெனால்டி யாருக்கும் தவறும். ஆனால் கோல்கீப்பரின் ஒரு பிழையாலும் இரண்டு பெனால்டியாலும் தோற்ற ஆட்டத்துக்கு ஒரு நகரத்தின் தொண்டையைக் குற்றவாளி ஆக்கினார்கள். ரோமில் ஆடியிருந்தால் வென்றிருப்போம், நேப்பிள்ஸ் முழுக்குரல் கொடுக்கவில்லை என்ற பேச்சு அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை.

ஜூலை 8, ரோம், இறுதி ஆட்டம். இத்தாலி அதில் ஆடவே இல்லை, மேற்கு ஜெர்மனிதான் ஆடியது. இருந்தும் அர்ஜென்டினாவின் கீதம் தொடங்கிய நொடியிலிருந்து முடியும்வரை சீட்டியும் கூச்சலும். கேமரா வரிசையில் நகர்ந்து மரடோனாவிடம் வந்தபோது அவர் உதடுகள் கெட்ட வார்த்தையை உச்சரித்ததை உலகமே பார்த்தது. 85ஆம் நிமிடப் பெனால்டியில் ஜெர்மனி வென்றது. அவர் அழுதார். 1986 உலகக் கோப்பையின்போது தூர்தர்ஷன் நேரலையில் அவரைக் கண்டுகொண்ட நம்மவர்களில் எத்தனையோ பேர் அன்று அவரோடு கலங்கினார்கள், அந்தக் கூச்சலின் காரணம் புரியாமலே.

மரடோனாவைப் புனிதராக்குவது நம் நோக்கமில்லை. 1991 மார்ச்சில் கொக்கெயின் சோதனையில் சிக்கி 15 மாதத் தடை பெற்று நேப்பிள்ஸை விட்டுப் போனார். கமோராக்காரர்களோடு உறவாடினார். அந்த ஊரிலேயே பிறந்த தன் மகனைப் பல ஆண்டுகள் தன் பிள்ளை என்று ஏற்க மறுத்தார். இது மன்னிக்க முடியாதது. நேப்பிள்ஸ் இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் அவரை வைத்துக்கொண்டது. கிளப் 2004இல் திவாலாகி மூன்றாம் நிலை லீகுக்குத் தள்ளப்பட்டபோதும் சில ஆட்டங்களுக்கு ஐம்பதாயிரம் பேர் வந்தார்கள். 2020 நவம்பரில் அவர் இறந்தார். அடுத்த மாதமே மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

ஸ்பெயின் இதே கேள்வியை இன்னொரு விதமாக எதிர்கொண்டது. 2009 மே மாதம் வலென்சியாவில் மன்னர் கோப்பை இறுதி ஆட்டம், பார்சிலோனாவுக்கும் அத்லெடிக் பில்பாவோவுக்கும். கட்டலோனியர்களும் பாஸ்க் மக்களும் சேர்ந்து ஸ்பெயின் தேசிய கீதத்தைச் சீட்டியடித்து மூழ்கடித்தார்கள். அரசுத் தொலைக்காட்சி அந்தக் காட்சியை நேரலையில் காட்டவில்லை. அதற்காக அதன் விளையாட்டுப் பிரிவுத் தலைவரின் பதவி போனது. மறு ஆண்டு, 2010 ஜூலை 10ஆம் தேதி, கட்டலோனியாவின் தன்னாட்சிச் சட்டத்தை அரசியல் சாசன நீதிமன்றம் வெட்டிக் குறைத்ததை எதிர்த்து பார்சிலோனாவில் பல லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். நாங்கள் ஒரு தேசம் என்பது அவர்கள் முழக்கம். அடுத்த நாளே ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றது. அந்த அணியைத் தாங்கி நிறுத்தியவர்கள் பார்சிலோனா கிளப்பின் ஆட்டக்காரர்கள்: சாவி, இனியெஸ்டா, புயோல், பிக்கே, புஸ்கெட்ஸ். அரையிறுதியில் சாவியின் கார்னரை முட்டி வெற்றிக் கோல் அடித்தவர் புயோல். கோப்பையோடு நின்ற கொண்டாட்டத்தில் சாவியும் புயோலும் கட்டலோனியக் கொடியைப் பிடித்திருந்தார்கள். முதல் நாள் ஊர்வலத்தில் நடந்த கால்களில் சில மறுநாள் அதே நகரத்தில் ஸ்பெயினின் கோலுக்குத் துள்ளியிருக்கும். அதை முரண் என்று நாம் நினைக்கவில்லை. மனிதர்களுக்கு இரண்டு பற்று இருக்க இடமுண்டு. இரண்டில் ஒன்றை உடனே அறுத்துக் காட்டு என்று வற்புறுத்தும் அரசியலுக்குத்தான் இடமில்லாமல் போகிறது.

தேசம் கைவிட்ட ஆட்டக்காரரைக் கிளப் ரசிகர்கள் ஏந்திக்கொண்டதும் நடந்திருக்கிறது. 2021 ஜூலை 11 அன்று வெம்ப்லியில் யூரோ இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக்காகப் பெனால்டியைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவர்மீதும் நிறவெறி வசை கொட்டியது. சாகாவுக்கு அப்போது வயது 19. அவர் ஆர்சனல் கிளப்புக்காரர். ஒரு மாதம்கூட ஆகவில்லை, டாட்டன்ஹாம் மைதானத்துக்கு ஆட வந்தார். நூறாண்டுக்கு மேலாக ஆர்சனலை வெறுப்பதையே மரபாகக் கொண்ட ரசிகர்களின் இடம் அது. வடக்கு லண்டன் சாகாவோடு நிற்கிறது என்று அங்கே பதாகை கட்டியிருந்தார்கள். தேசப்பற்றின் பேரால் வசைபாடியவர்களைவிட, பரம எதிரியின் பிள்ளையைத் தாங்கிக்கொண்ட இந்த ரசிகர்களே இங்கிலாந்துக்குப் பெருமை சேர்த்தார்கள்.

உலகக் கோப்பை இப்போது 48 அணிகள், 104 ஆட்டங்கள் என்று விரிந்துவிட்டது. இன்னும் பல கொடிகள், இன்னும் பெரிய கூச்சல், இன்னும் அதிகமான கண்காணிப்பு. யார் கீதத்துக்கு எழுந்து நின்றார், யார் வாய் அசையவில்லை, எந்த ஊர் போதுமான அளவு கத்தவில்லை என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருப்பார்கள். அவர்களோடு சேர வேண்டாம் என்று இதழின் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு மைதானத்தின் ஒரு பகுதி மௌனமாக இருந்தால், அந்த ஊருக்கு மற்ற 364 நாளும் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். 1990 ஜூலை 3 இரவுக்காக நேப்பிள்ஸ் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. எரிமலையைக் கூப்பிட்டுப் பாடியவர்கள்தான் கேட்க வேண்டும்.