கிறிஸ்தவர் தியானமும் ஜாதிச் சுவரும்

தர்மபுரிப் பக்கத்துக் கத்தோலிக்க நண்பர் ஒருவர் சென்ற மாதம் நம்மை ஒரு "ஞான ஒடுக்கத்துக்கு" வரும்படி அழைத்தார். மூன்று நாள் வாய் திறக்கக் கூடாதாம். மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம், மற்ற நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். "நீங்கள் சாமி கும்பிட வேண்டாம், சும்மா உட்கார்ந்து பாருங்கள், மனது லேசாகும்" என்றார். நல்ல மனிதர். அவர்மேல் நமக்குக் கோபம் கிடையாது.

மனது லேசாகும் என்பதையும் நாம் மறுக்க வரவில்லை. ஓயாமல் பேசி அலைகிறவன் மூன்று நாள் பேசாமல் உட்கார்ந்து மூச்சை நிதானமாக விட்டால் படபடப்புத் தணியத்தான் செய்யும். அதற்குச் சேசுவும் வேண்டாம், சிவனும் வேண்டாம். புளியமரத்து நிழல் போதும். நம்முடைய கேள்வியெல்லாம் வேறு. லேசாக்கிக்கொண்ட அந்த மனதை வைத்துக்கொண்டு நாலாம் நாள் வெளியே வந்து என்ன செய்கிறீர்கள் என்பதுதான்.

நமது ஒகேனக்கல்லில் விழுந்து போகிற காவேரி, குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி என்ற ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அங்கே 1950-ம் வருஷம் மார்ச்சு மாதம் மொன்ஷனேன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுப் பாதிரிமார் தியானத்துக்கென்றே ஓர் ஆசிரமம் வைத்தார்கள். சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயர். சாந்திவனம் என்றால் எல்லோருக்கும் தெரியும். இருவரும் காவி கட்டினார்கள். ஒருவர் பரம அரூபி ஆனந்தராகவும், மற்றவர் அபிஷிக்தானந்தராகவும் ஆனார்கள். பிற்பாடு 1968-ல் பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி வந்து, 1993-ல் சாகிறவரையில் அதை நடத்தி உலகப் பிரசித்தமாக்கினார். எளிமையாக வாழ்ந்தவர்கள், படித்தவர்கள், அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு உதவியும் செய்தவர்கள். இதையெல்லாம் மறைப்பது நமக்கு யோக்கியதையல்ல.

ஆனால் ஒன்று கேட்கிறோம். இந்தியாவின் ஆத்மாவைத் தேடி வந்தவர்களுக்கு அது எங்கே கிடைத்தது? உபநிஷதத்திலும், ஓங்காரத்திலும், காயத்ரியிலும்! தமிழும் அங்கே பாடப்பட்டதுண்டு. ஆயினும் மூலஸ்தானம் சமஸ்கிருதத்துக்குத்தான். இது புதிதுமல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரி ராபர்ட் தெ நொபிலி, உயர்ந்த ஜாதியாரைப் பிடிப்பதற்காகச் சந்நியாசி வேஷம் போட்டுப் பறங்கியரோடு கலவாமல் தனியே இருந்தார். ஞானஸ்நானம் பெற்றவன் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-ல் போப்பாண்டவரே அனுமதி கொடுத்தார். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பகுதியோர் சேரியிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பறையிலும் பாட்டிலும் பட்டினியிலும் அந்த ஆத்மா கொஞ்சமும் இல்லையோ?

அதே 1950-ம் வருஷத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி டில்லியில் ஜனாதிபதி உத்திரவு ஒன்று பிறந்தது. இந்து மதத்தில் இல்லாதவன் தாழ்த்தப்பட்ட ஜாதிப் பட்டியலில் சேரமாட்டான் என்றது. 1936-ல் வெள்ளைக்காரன் போட்ட உத்திரவிலும் இந்தியக் கிறிஸ்தவனுக்கு இதே கதைதான். 1956-ல் சீக்கியருக்கும், 1990-ல் பௌத்தருக்கும் அதைத் தளர்த்தினார்கள். கிறிஸ்தவனுக்குத் தளர்த்தவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த பாதிரி இந்துத் துறவியின் உடையை உடுத்தினால் அது ஞானம். சேரியிலிருந்து போனவன் சிலுவையைப் பிடித்தால் அவனுக்குக் கல்விச் சலுகையும் உத்தியோகமும் போயிற்று. அவன் ஜாதி மட்டும் போகவில்லை. ஊர் அவனை ஞானஸ்நானத்துக்குப் பிறகும் பழைய பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. கோவிலுக்குள்ளேயாவது விட்டதா? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோவிலை 1872-ல் இரண்டு காலாகக் கட்டி, ஜாதிக்கொரு கால் ஒதுக்கி, நடுவே தடுப்பும் வைத்தார்கள். 1910-ல் அந்தத் தடுப்பைப் பாதிரிமார் இடித்தபோது, "எங்கள் உரிமை போச்சு" என்று கோர்ட்டுக்கு ஓடியவர்களும் ஜெபமாலை உருட்டுகிறவர்கள்தான்! சாந்திவனத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது திருச்சி. அங்கே மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே எழுப்பிய சுவரின் கதை ஊரறிந்தது. மண்ணுக்குள்ளே போன பிறகுமா தீட்டு?

"தியானம் வேறு, சமூகக் காரியம் வேறு" என்று நண்பர் சொல்லக்கூடும். அவர்களுடைய சரித்திரமே அப்படிச் சொல்லவில்லை. ஸ்பெயின் தேசத்து அவிலா தெரேசம்மாள் மௌன ஜெபத்தில் கிறிஸ்தவருக்கெல்லாம் குரு. அவர் கண்டதாகச் சொன்ன தரிசனங்களை நாம் நம்பவில்லை, அது போகட்டும். அவருடைய பாட்டனார் யூத மதத்திலிருந்து கிறிஸ்தவரானவர். 1485-ல் தொலேதோ நகரத்தில் மத விசாரணைக்காரர்களால் ஊரறிய அவமானப்படுத்தப்பட்டவர். "சுத்த ரத்தம்" உள்ளவன்தான் மனிதன் என்று ஸ்பெயின் முழுதும் பேசிய காலம் அது. நம் ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்கிறதல்லவா? அந்த அம்மாள் 1562-ல் திறந்த கன்னியர் மடத்தில், பிரபு வீட்டுப் பெண்ணானாலும் சரி, குலப்பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று சட்டம் செய்தார். ஜெபத்தின் பலன் உள்ளே கிடைக்கிற ருசியில் இல்லை, வெளியே செய்கிற செய்கையில்தான் இருக்கிறது என்று 1577-ல் புத்தகமும் எழுதினார். கண்ணை மூடித் திறந்தபோது எதிரே இருந்த அநியாயம் அந்த அம்மாளுக்குத் தெரிந்தது. நம் தியானக்காரர்களுக்கு முன்னூறு நானூறு வருஷமாக அது ஏன் தெரியவில்லை?

ஆகவே நண்பரிடம் கேட்டோம்: "உங்கள் ஊர்த் திருவிழாத் தேர் காலனித் தெருவுக்குள் போகிறதா?"

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். ஞான ஒடுக்கம் அப்போதே தொடங்கிவிட்டது போலிருந்தது. பிறகு, "அது ஊர்க்காரர் விஷயம். சாமியார் என்ன செய்வார்?" என்றார்.

"சரி, மூன்று நாளில் ஒரு நாள் அந்தத் தேரையே தியானத்துக்குப் பொருளாக வைக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களும் காலனிக்காரர்களும் ஒரே பாயில் உட்காரட்டும். நாத்திகனாகிய நானும் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு, உங்களோடு கண்ணை மூடி உட்காருகிறேன்" என்றோம்.

சாமியாரைக் கேட்டுச் சொல்வதாகப் போனார். ஒடுக்கம் வருகிற வெள்ளிக்கிழமை ஆரம்பமாகிறது. பதில் இன்னும் வரவில்லை.