குட்டைக்கும் பத்தியம் உண்டு!

"வைத்தியரே, கொல்லைப்புறத்து மீன் குட்டை நாறுது. தேற்றாங்கொட்டையை அரைச்சுக் கலக்கினா சரியாயிடுமா?" என்று சின்னமனூரில் பலர் கேட்கிறார்கள்.

ஆகாது என்பேன். தேற்றாங்கொட்டை கலங்கிய நீரைத் தெளியவைக்கும், உண்மைதான். ஆனால் அழுக்கு அடியில் போய்ப் படியுமே தவிர, தொலையாது. நம்ம முல்லைப் பெரியாற்றில் விழுந்த இலையை ஓட்டம் இழுத்துப் போய்விடும். குட்டையிலோ இலை, மிஞ்சிய தீனி, மீன் கழிவு எல்லாம் கிடந்து அழுகும். நீரிலுள்ள ஆக்ஸிஜன் குறையும், அமோனியா பெருகும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால், மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம்.

அஜீரணத்துக்கு முதல் மருந்து பட்டினி. குட்டைக்கும் அதேதான். 2 நாள் தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீன்கள் தாங்கும். பிறகு 5 நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவே போடுங்கள். அடிச்சகதியை ஒரேயடியாகக் கலக்காமல், குழாய் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுங்கள். வாழைக்கும் தென்னைக்கும் அது நல்ல உரம். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால், 1 நாள் தொட்டியில் திறந்துவைத்து ஊற்றுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், மீன் செத்துவிடும்.

கொசுப்புழுவைத் தின்னத்தான் சுகாதாரத் துறையினரே நீர்நிலைகளில் கம்பூசியா மீன்களை விடுகிறார்கள். மீன் செத்த குட்டை கொசுவுக்குத் தொட்டில். அப்புறம் காய்ச்சல் வீட்டுக்குள் வரும். மருந்து தேடுமுன் சகதியை அள்ளுங்கள்!