சிதறாலில் ஒரு ஞாயிறு: லீவு யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் மார்த்தாண்டம் பக்கத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே வாசனைதான். தேங்காய் வறுத்து அரைத்துக் கொதிக்கும் இறைச்சிக் கறி. கோயிலுக்கோ ஆலயத்துக்கோ போனவர்கள் திரும்பியிருப்பார்கள், பிள்ளைகள் செல்போனில் இருப்பார்கள், வீட்டு ஆண் லுங்கிக்கு மாறி டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். வாரம் முழுக்க உழைத்த வீட்டுக்கு அன்று லீவு. அடுக்களைக்கு மட்டும் அன்றுதான் அதிக வேலை.

அதனால்தான் இந்த வாரம் 'ஜோடியாக ஒரு நாள்' பகுதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தேர்ந்தெடுத்தோம். இடம், சிதறால் மலை.

மார்த்தாண்டத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தூரம். டவுன் பஸ் உண்டு, ஆட்டோவும் வரும். அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு, கல் பாவிய பாதையில் மெல்ல நடந்தால் இருபது நிமிடத்தில் மேலே போய்விடலாம். வழி நெடுக மரங்கள். முட்டி வலிக்காரர்கள் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினால் போதும். மேலே போனதும் ஒரு பெரிய பாறை கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில்தான் கோயில். பாறையின் முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேல் முக்குடையோடு அமர்ந்தவர்கள், படமெடுத்த பாம்பு குடை பிடிக்க நிற்கும் பார்சுவநாதர், பக்கத்தில் சிங்கம் நிற்கும் அம்பிகா. எல்லாம் கி.பி. 9-ம் நூற்றாண்டுக் காலத்தவை. அப்போது இந்த மண்ணை ஆண்டவர்கள் ஆய் மன்னர்கள். விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி, இங்குள்ள அம்மனுக்குப் பொன் நகை கொடுத்ததை அது சொல்கிறது. குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் பெண் ஆசிரியர்கள் இருந்த மலை இது. 13-ம் நூற்றாண்டு வாக்கில் இது பகவதி கோயிலாக மாறியது. சமண உருவங்களை யாரும் உடைத்துப் போடவில்லை, அவை பாட்டுக்கு இருக்கின்றன.

பழைய பேர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்றால் சமணத் துறவிகள். ஊர்க்காரர்கள் 'மலைக்கோயில்' என்பார்கள். சொக்கன்தூங்கி மலை என்றும் ஒரு பேர் உண்டு. தூங்குவது என்றால் தமிழில் தொங்குவதும்தான், உறங்குவதும்தான். பாறை தொங்குவதைப் பார்த்தால் முதல் அர்த்தம் சரியாக இருக்கும். மேலே அடிக்கிற காற்றில் கண்ணை மூடினால் இரண்டாவதுதான் சரி என்று தோன்றும்.

பாறையில் ஒரு சுனை இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் கீழே தென்னையும் ரப்பரும் பச்சைப் பாய் விரித்த மாதிரி தெரியும். அங்கே நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு தம்பதியிடம்தான் பேச்சுக் கொடுத்தோம். பேர் வேண்டாம் என்றார்கள், படமும் வேண்டாம் என்றார்கள். அண்ணன் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன், நாற்பது நாள் லீவில் வந்திருக்கிறார். அக்கா அண்டி ஆபீசில் வேலை. வெளியூர் வாசகர்களுக்கு: கன்னியாகுமரி மாவட்டத்தில் முந்திரி ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்றுதான் பேர்.

"இது எங்களுக்கு ரெண்டாவது டூராக்கும்" என்றார் அண்ணன் சிரித்துக்கொண்டே. கல்யாணமாகி பதினாறு வருடம். முதல் டூர் எங்கே என்று கேட்டதற்கு, துபாய் என்றார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா விசிட் விசாவில் போயிருக்கிறார். கூட்டாளி குடும்பம் ஊருக்கு வந்திருந்த சமயம் பார்த்து அவர்கள் வீட்டில் தங்கல். அண்ணனுக்கு வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு வெள்ளிக்கிழமையில் ஊர் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். ஆனால், அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மெட்ரோ மதியத்துக்கு மேல்தான் ஓடும். தொழுகை நேரம் முடிகிறவரை கடைகளும் பாதி அடைத்திருக்கும்.

"உச்சைக்கு மேலதான் வண்டின்னு சொன்னாவ. உச்சை வரைக்கும் ரூமுல சும்மா இருந்தோம். கடையில குபூஸ் வாங்கித் தின்னோம். நான் அடுப்பே பத்த வைக்கல்ல, மக்களே. கல்யாணம் கழிஞ்சு அப்பிடி சும்மா இருந்தது அந்த ஒரு நாளுதான்" என்றார் அக்கா.

அப்புறம் போனார்கள். ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா படகில் ஓடையைக் கடந்தார்கள். புர்ஜ் கலிஃபாவைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள், மேலே போக டிக்கெட் விலை கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். இரவு தண்ணீர் நடனம் பார்த்தார்கள். அத்தனை விளக்கையும் பார்த்துவிட்டு வந்த அக்காவுக்கு இன்றும் முதலில் ஞாபகம் வருவது அந்த மதியம் வரைக்குமான 'சும்மா'தான். எனக்கு இது ரொம்ப நேரம் மனசில் சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த ஊர் மாறிவிட்டது. 2022 ஜனவரி 1 முதல் அமீரக அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள், சனி ஞாயிறு முழு லீவு. சவூதி 2013-லேயே வியாழன் வெள்ளி லீவை வெள்ளி சனியாக மாற்றிக்கொண்டது. ஓய்வு நாள் ஏதோ வானத்திலிருந்து விழுந்தது என்று நினைக்கிறோம். பங்குச் சந்தைக்கும் வங்கிக்கும் ஏற்றபடி அதை நகர்த்தலாம் என்பது இப்போது புரிகிறது. பக்கத்து நாடான இலங்கையில் 1966-ல் ஞாயிறு லீவையே எடுத்துவிட்டு, நிலவின் கணக்குப்படி போயா நாளை லீவாக்கினார்கள். வாரத்துக்கு வாரம் லீவு வேறு கிழமையில் வரும். மற்ற நாடுகளோடு கணக்கு ஒத்துவராமல் 1971-ல் மறுபடி ஞாயிறுக்கே திரும்பினார்கள்.

ஏழு நாளில் ஒன்று ஓய்வு என்கிற கணக்கின் வேர் யூதர்களின் சபாத். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதில் தொடங்கி சனிக்கிழமை இரவு முடியும். நமக்குப் பக்கத்திலேயே இதைக் கடைப்பிடித்தவர்கள் இருந்தார்கள், கொச்சி யூதர்கள். இஸ்ரேல் உருவானபின் அவர்களில் பெரும்பாலோர் 1950-களில் அங்கே குடியேறினார்கள். மழை ஓயாத மலபாரிலிருந்து போனவர்களில் ஒரு பகுதியினருக்குக் கிடைத்த இடம், பெயெர்ஷெபா என்ற பாலைவன நகரத்துக்குப் பக்கத்தில் நெவாத்திம் என்ற ஊர். இன்றும் அங்கே அவர்கள் சந்ததி இருக்கிறது.

சபாத்தில் எனக்குப் பிடித்தது, அது அடுக்களையையும் சேர்த்து மூடச் சொல்கிறது. அன்று நெருப்பு மூட்டக் கூடாது. சமையல் எல்லாம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட வேண்டும். இரவு முழுக்கச் சிறு சூட்டில் கிடக்கும் ஒரு குழம்புதான் மறுநாள் மதியத்துக்கு. எருசலேமில் பெரும்பாலான பஸ்கள் நின்றுவிடும். சில கட்டடங்களில் லிஃப்ட் பட்டனைக்கூட அமுக்க வேண்டாம் என்று, ஒவ்வொரு மாடியிலும் தானே நின்று நின்று போகும். வெள்ளிக்கிழமை அந்த வீட்டுப் பெண்களுக்கு இடுப்பு ஒடிந்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், சனிக்கிழமை ஒரு டீ கேட்டு அவர்களை எழுப்ப முடியாது.

இன்னொன்று. அந்தக் கட்டளை பைபிளில் யாத்திராகமத்தில் வருகிறது. நீ வேலை செய்யாதே, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகம், உன் ஊரில் தங்கும் அந்நியன் என்று எல்லாரையும் எண்ணிச் சொல்கிறது. மாடுகூட உண்டு. மனைவி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. 'நீ' என்பதில் இருவரும் அடக்கம் என்று விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். ஞாயிறு மதியம் குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருக்கும் அக்காவுக்கு அந்த விளக்கம் இன்னும் போய்ச் சேரவில்லை.

சமணர்களிடமும் இதே மாதிரி ஒன்று உண்டு. அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் இல்லறத்தார் உபவாசமிருந்து, வேலை வியாபாரம் எல்லாம் விட்டு, ஒரு நாள் துறவிபோல இருப்பார்கள். அதற்குப் போசதம் என்று பேர். சாதாரண நாளிலும் பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்கள் அவர்கள். அதாவது இருட்டினால் அந்த வீட்டு அடுப்புக்கு வேலை இல்லை. சிதறால் மலையில் நின்று இதை யோசித்தபோது, பாறையில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று பட்டது.

இந்த மாவட்டத்தில் ஞாயிறு லீவு சுலபமாக வந்ததும் இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய வேலைக்கு ஊழியம் என்று பேர். ரிங்கல்தௌபே மயிலாடியில் மிஷன் வேலை தொடங்கியது 1806-ல். பிறகு கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களான மக்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு இழுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஒரு நாளை 'என் நாள்' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு முதலில் கிடைத்தது அப்படித்தான். பம்பாய் மில் தொழிலாளிகளுக்கு அது நாராயண் மேகாஜி லோகாண்டே பல வருடம் போராடி, 1890 ஜூன் 10-ம் தேதி கிடைத்தது. 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் வார லீவை எல்லாத் தொழிற்சாலைக்கும் கட்டாயமாக்கியது. அண்டி ஆபீசுக்கும் அது உண்டு.

வீட்டுக்கு எந்தச் சட்டமும் இல்லை. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்வது இது: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம். ஆண்களில் அந்த வேலை செய்கிறவர்கள் செலவிடுவது 97 நிமிடம். எவ்வளவு ஆண்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை என்பது தனிக் கதை.

அக்காவிடம் இந்த எண்ணைச் சொன்னேன். "அஞ்சு மணிக்கூறா? அது திங்கக்கிழமைக்க கணக்கு. ஞாயித்துக்கிழமைக்கு நீங்க தனியா எண்ணணும்" என்றார். "ஆறு நாளு அண்டி ஆபீசு. ஏழாம் நாளு வீட்டாபீசு. பிள்ளைகளுக்க யூனிபாரம், இறைச்சி, இவருக்க அம்மைக்கு வென்னி..."

"அவ சொல்லுகது உள்ளதாக்கும்" என்றார் அண்ணன். "அங்க நாங்க எட்டுப் பேரு ஒரு ரூமு. முறை வச்சு சமைப்போம். எனக்க முறை வெள்ளிக்கிழமை. அண்ணைக்கு எனக்கும் லீவு கிடையாது. ஊருக்கு வந்தா மட்டும் கை ஓடாது, அது ஏன்னு தெரியேல்ல."

"ஏன்னு எனக்குத் தெரியும்" என்று அக்கா சொல்ல, அண்ணன் மலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கீழே தெரியும் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். தினமும் வெட்டினால் மரம் வற்றிவிடும். இலை உதிரும் காலத்தில் முழுசாக ஓய்வு கொடுப்பவர்களும் உண்டு. மரத்துக்கு அந்தக் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஊர் இது.

சரி, போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பலரும் சிதறால், மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, பத்மநாபபுரம் அரண்மனை நான்கையும் ஒரே நாளில் முடிக்கத் திட்டம் போடுகிறார்கள். எங்கள் யோசனை, வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, போட்டோ எடுத்து, ஓடி வந்து வண்டி ஏறினால் அதுவும் ஒரு ஷிஃப்ட்தான். சிதறால் ஒன்று போதும். மிஞ்சிப்போனால் சாயங்காலம் தொட்டிப்பாலத்தில் ஒரு நடை. அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை, அதைத் தனியாக வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறும் முன்னே மலை ஏறிவிடுங்கள், பாறை சுட ஆரம்பித்தால் வெறுங்காலில் நிற்க முடியாது. தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். சிற்பங்களில் சாய்ந்து செல்ஃபி வேண்டாம், தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். மழைக்காலத்தில் பாறை வழுக்கும்.

சாப்பாடு: வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிப் போனால் காசு மிச்சம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதற்கு யார் நாலரை மணிக்கு எழுவது என்று கேளுங்கள். மார்த்தாண்டத்தில் மரச்சீனியும் மீன் குழம்பும் கிடைக்கும் கடைகள் ஏராளம், மதியத்துக்கு அங்கே உட்காருங்கள். ஏத்தன் பழத்தில் போட்ட பழம்பொரி நாலு மணி டீக்கு. ராத்திரிக்குப் பரோட்டா பார்சல். இலையில் கட்டி வாங்கினால் கழுவ வேண்டியது இரண்டு டம்ளர்தான். அது அண்ணன்மார்களின் முறை.